4,500 டாலர் டொமைனுக்கு எந்த எஸ்குரோ மலிவு?

பினாங்கிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: பத்தாண்டுக்கு மேல் கையில் இருக்கும் ஒரு டாட் காம் டொமைனை, அதாவது இணையதளப் பெயரை, வெளிநாட்டவர் ஒருவர் 4,500 டாலருக்குக் கேட்கிறார். 'எனக்குப் பழக்கமான எஸ்குரோ ஒன்று இருக்கிறது, கட்டணம் 1 விழுக்காடுதான்' என்று சொல்கிறார். அதையே எடுத்துக்கொள்ளலாமா, இல்லை எஸ்குரோ டாட் காம், செடோ, ஆஃப்டர்னிக் இவற்றில் ஒன்றா, எதில் கட்டணம் குறைவு? கட்டணத்தைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடைசியில் உங்கள் வங்கிக் கணக்கில் எத்தனை ரிங்கிட் விழும் என்பது ஒன்று. பணம் வருவதற்கு முன்பே பெயர் கைநழுவிப் போக வழி இருக்கிறதா என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் பார்ப்போம். அதில் பிசகினால் முதல் கேள்விக்கு வேலையே இல்லை.

எஸ்குரோ என்பது நமக்குப் புதிதல்ல. வீடு வாங்கும்போது முன்பணத்தை வழக்கறிஞர் ஸ்டேக்ஹோல்டராக வைத்திருப்பார் அல்லவா, அதே ஏற்பாடுதான். வாங்குபவர் பணத்தை நடுவரிடம் கட்டுகிறார். பணம் வந்து சேர்ந்ததை நடுவர் உறுதி செய்கிறார். அதன் பிறகே நீங்கள் பெயரை மாற்றிக் கொடுக்கிறீர்கள். வாங்குபவர் பார்த்து ஒப்புக்கொண்டதும் நடுவர் பணத்தை உங்களுக்கு விடுவிக்கிறார். இந்த வரிசைதான் உங்களுக்குக் காவல். ஒரு படியை முன்பின்னாக மாற்றச் சொல்லி எவர் எந்தக் காரணம் சொன்னாலும், அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

வாங்குபவர் சொல்லும் அந்த 1 விழுக்காட்டு எஸ்குரோவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர் மோசடிக்காரர் என்று இங்கிருந்தே முடிவு கட்ட முடியாது. ஆனால் டொமைன் விற்பனையில் மிகப் பழைய ஏமாற்று இதுதான்: வாங்குபவரே நடுவரைத் தேர்ந்தெடுப்பது. அந்தத் தளம் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். உள்ளே நுழைந்தால் 'பணம் வந்துவிட்டது, பெயரை மாற்றுங்கள்' என்று பச்சை நிறத்தில் காட்டும். மாற்றிக் கொடுத்த மறுநாள் தளமும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். சில தளங்கள் பிரபல நிறுவனத்தின் பெயரையே வைத்திருக்கும். எழுத்து ஒன்று கூடியிருக்கும், நடுவே ஒரு கோடு இருக்கும், டாட் காமுக்குப் பதில் வேறு வால் இருக்கும். இதைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் அந்த எஸ்குரோ தளத்தின் முகவரியையே போட்டுப் பாருங்கள், பதிவான தேதி வரும். 'இருபது ஆண்டு அனுபவம்' என்று சொல்லும் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

அடுத்தது உரிமம். எஸ்குரோ டாட் காம் 1999 முதல் நடக்கிறது. 2015இல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீலான்சர் நிறுவனம் அதை வாங்கியது. கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்றது. அந்த மாநிலத்தின் நிதிப் பாதுகாப்பு, புத்தாக்கத் துறையின் இணையப் பக்கத்தில் உரிமம் பெற்றவர்களைத் தேடிப் பார்க்கலாம். எந்த நிறுவனமாக இருந்தாலும் உரிம எண்ணைக் கேளுங்கள். அதை அவர்கள் தரும் இணைப்பில் சரிபார்க்காமல், உரிமம் கொடுத்த அரசுத் துறையின் பக்கத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். தளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் முத்திரைப் படங்களுக்கு மதிப்பே கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

இனி கட்டணம். எஸ்குரோ டாட் காமின் கட்டணம் படிக்கட்டு முறையில் இறங்கும்: தொகை பெரிதாகப் பெரிதாக விழுக்காடு குறையும். நெடுநாள் 5,000 டாலர் வரை 3.25 விழுக்காடு, 25,000க்கு மேல் 0.89 விழுக்காடு என்று இருந்தது. அட்டவணை மாறக்கூடியது என்பதால் ஒப்பந்தம் பேசும் அன்று அவர்களுடைய கணக்கிடும் கருவியில் தொகையைப் போட்டு வரும் எண்ணை மட்டும் நம்புங்கள். பழைய கட்டுரைகளில் பார்த்த எண்களை நம்பிப் பேரம் பேசாதீர்கள். கணக்கு எளிதாக இருக்க 3 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம்: 4,500 டாலருக்கு 135 டாலர். இதை யார் கட்டுவது என்பதைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம்: வாங்குபவர், விற்பவர், அல்லது பாதிப் பாதி. பாதி என்றால் உங்கள் பங்கு 67.50 டாலர். அவர் சொல்லும் 1 விழுக்காட்டில் பாதி 22.50. வித்தியாசம் 45 டாலர்தான். 45 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் 4,500 டாலர் பெயரை முன்பின் தெரியாத தளத்திடம் ஒப்படைப்பதா என்பதே கேள்வி. என்னைக் கேட்டால், அவர் தயங்கினால் கட்டணம் முழுவதையும் நீங்களே ஏற்றுக்கொண்டு நடுவரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். 135 டாலருக்கு அது நல்ல வியாபாரம்.

வாங்குபவர் எப்படிப் பணம் கட்டுகிறார் என்பதும் கட்டணத்தை மாற்றும். வங்கி வழியாக அனுப்பினால் குறைவு, கிரெடிட் கார்டு என்றால் கூடுதல். விற்பவருக்கு வங்கி வழிதான் நிம்மதி.

செடோ, ஆஃப்டர்னிக் இரண்டையும் இதே தட்டில் வைத்து நிறுப்பது சரியில்லை. அவை சந்தைகள். வாங்க ஆள் பிடித்துத் தருவதற்கும் சேர்த்துக் கமிஷன் எடுக்கும். நடுவர் வேலை அதற்குள் அடங்கும். பட்டியலிடும் முறையைப் பொறுத்து இந்தக் கமிஷன் 10 விழுக்காட்டிலிருந்து 25 வரை போகும். உதாரணமாக ஆஃப்டர்னிக்கில் நேம்சர்வரை, அதாவது பெயரைத் தட்டினால் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பை, அவர்களை நோக்கித் திருப்பி வைத்திருந்தால் ஒரு விகிதம், இல்லாவிட்டால் அதைவிடக் கூடுதல். 15 விழுக்காடு என்றாலே உங்கள் தொகைக்கு 675 டாலர் போய்விடும். வாங்க ஆள் ஏற்கெனவே வாசலில் நிற்கும்போது ஆள் பிடிக்கும் கூலியை எதற்குக் கொடுக்க வேண்டும்? ஒரே ஒரு விதிவிலக்கு: பெயரை ஏற்கெனவே ஒரு சந்தையில் பட்டியலிட்டிருந்து, இவர் அதன் வழியே வந்தவர் என்றால், வெளியே முடித்துக்கொள்வது அவர்களுடைய விதிகளுக்கு முரணாகலாம். விதிகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வெளியே விற்பதாக முடிவானால், எல்லாச் சந்தைகளிலிருந்தும் அன்றே பட்டியலை எடுத்துவிடுங்கள். 'உடனே வாங்கு' விலையில் வேறொருவர் அழுத்திவிட்டால் ஒரே பெயரை இருவருக்கு விற்ற நிலை வந்துவிடும்.

பணம் மலேசியாவுக்கு வரும் வழியில் நடக்கும் கழிவுகளைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. எஸ்குரோ நிறுவனம் அனுப்பும் டி.டி.க்கு, அதாவது டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபருக்கு, அனுப்பும் கட்டணம் உண்டு. நடுவில் நிற்கும் வங்கி ஒன்று கொஞ்சம் கிள்ளிக்கொள்ளலாம். நம்மூர் வங்கி வாங்குவது சிறு தொகை. இவற்றைவிடப் பெரியது மாற்று விகிதம். சந்தை விகிதத்தைவிட டாலருக்கு 10 காசு குறைத்து வங்கி மாற்றினால் 4,500 டாலருக்கு 450 ரிங்கிட் போகும். எஸ்குரோ கட்டணத்தில் உங்கள் பாதியைவிட இது அதிகம்! வங்கியிடம் வெளிநாட்டு நாணயக் கணக்கு இருந்தால் டாலராகவே வாங்கி வைத்து, விகிதம் கேட்டு மாற்றலாம். ஒரு முறை விற்பனைக்காக அப்படிக் கணக்குத் திறப்பது தேவைதானா என்பது உங்கள் கணக்கு. இவ்வளவு பணம் எதற்கு வந்தது என்று வங்கி கேட்டால் காட்ட, எஸ்குரோ ஒப்பந்தத்தையும் இன்வாய்ஸையும் அச்செடுத்து வையுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் பெயர். அடையாள அட்டையில் நடுவில் 'ஏ/எல்' (இன்னாரின் மகன்) அல்லது 'ஏ/பி' (இன்னாரின் மகள்) இருக்கும். எஸ்குரோ தளத்தின் படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கும். சாய்கோட்டை ஏற்காத படிவங்களும் உண்டு. ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி 'ஏ/எல்'லை விட்டுவிடுவார். வங்கிக் கணக்கில் அது முழுமையாக இருக்கும். சரிபார்க்கும் கட்டத்தில் இரண்டும் பொருந்தவில்லை என்று பணம் நிற்கும். பணம் போய்விடாது, ஆனால் விளக்கக் கடிதங்களில் நாட்கள் கரையும். ஆகவே வாங்குபவர் பணம் கட்டுவதற்கு முன்பே கணக்கைத் திறந்து, அடையாளச் சரிபார்ப்பை முடித்து, வங்கி விவரத்தையும் ஏற்றிவிடுங்கள். பணம் போகும் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மனைவி பெயரிலோ தம்பி கம்பெனியின் பெயரிலோ இருக்கும் கணக்கைக் கொடுத்தால் நின்றுவிடும்.

'எஸ்குரோ எதற்கு, பேபால் போதுமே' என்று அவர் இறங்கி வரலாம். வேண்டாம். பேபாலில் வாங்குபவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். கூரியர் ரசீது காட்ட முடியாத பொருள் இது. தகராறு வந்தால் நிரூபிப்பது விற்பவர் பாடு. பெயர் ஒரு பக்கம் போய்விட்டிருக்கும், பணம் மறு பக்கம் திரும்பிப் போகும்.

இப்போது பெயரை மாற்றும் வேலைக்கு வருவோம். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, நீங்கள் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் பதிவு நிறுவனத்திலேயே வாங்குபவரும் கணக்குத் திறந்துகொள்வது. நீங்கள் உள்ளுக்குள்ளேயே அவர் கணக்குக்குத் தள்ளிவிடுவது. இதை 'புஷ்' என்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். மற்றது, வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவது. அதற்குப் பெயர் நகராமல் போட்டிருக்கும் லாக்கை எடுத்து, ஆத் கோட் என்னும் மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டைப் பெற்று, வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அங்கே விண்ணப்பித்த பின் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதில் ஒப்புதல் அளிக்க வழி இருந்தால் உடனே நகரும். நீங்கள் பேசாமல் இருந்தால் ஐந்து நாளில் தானாக நகரும். முடிந்தவரை புஷ் வழியையே பேசி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: உரிமையாளர் விவரம் மாறினால் வேறு நிறுவனத்துக்கு மாற்ற 60 நாள் தடை விழும் என்ற ஐகான் விதி 2016 டிசம்பரிலிருந்து இருக்கிறது. சில நிறுவனங்கள் முன்கூட்டியே 'தடை வேண்டாம்' என்று தேர்வு செய்ய விடும், சில விடாது. இதை வாங்குபவரிடம் முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், பரிசோதனைக் காலத்தில், அதாவது வாங்கியதைச் சரிபார்க்க அவருக்குக் கொடுக்கும் நாட்களில், 'என் நிறுவனத்துக்கு மாற்ற முடியவில்லை, பணத்தை விடுவிக்க மாட்டேன்' என்று நிற்பார்.

இந்த விதி விற்பவரையும் கடிக்கும், அதுவும் நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு காரியத்தில். பதிவு நிறுவனத்தில் உங்கள் தொடர்பு மின்னஞ்சல் விற்கப்போகும் அந்தப் பெயரிலேயே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கடைப் பெயரில் 'இன்ஃபோ' என்று தொடங்கும் முகவரியைத்தான் பலர் கொடுத்திருப்பார்கள். பெயர் கைமாறியதும் அந்த முகவரிக்கு வரும் அஞ்சல் புது உரிமையாளரிடம் போகும். எஸ்குரோவின் செய்திகள், கடவுச்சொல் மாற்றும் இணைப்புகள், வங்கியின் அறிவிப்புகள் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே மாற்றியாக வேண்டும். ஆனால் உரிமையாளர் பகுதியில் மின்னஞ்சலை மாற்றினாலே அந்த 60 நாள் தடை விழலாம். மாற்றும் பக்கத்தில் தடையை விலக்கும் கட்டம் இருந்தால் அதைக் குறியிட்டுவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் உரிமையாளர் பகுதியைத் தொடாமல், கணக்கில் நுழையும் மின்னஞ்சலை மட்டும் ஜிமெயில் போன்ற வேறொன்றுக்கு மாற்றி, விற்பனையைப் புஷ் வழியில் முடியுங்கள். கூடவே வங்கி, கூகுள், ஃபேஸ்புக் என்று அந்தப் பழைய முகவரியால் திறந்த ஒவ்வொரு கணக்கையும் தேடி மாற்றுங்கள். மொத்த விற்பனையிலும் அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான்.

டிஎன்எஸ்செக் என்னும் பெயர்ப் பாதுகாப்பு முத்திரையைப் போட்டிருந்தால் மாற்றுவதற்கு முன் அதை நிறுத்திவிடுங்கள். பழைய பதிவு ஒட்டிக்கொண்டிருக்க, நேம்சர்வர் மட்டும் மாறினால், பெயர் பல இடங்களில் திறக்காது. வாங்குபவர் 'பழுதான பொருள்' என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

நடக்கும் நாளில்: எஸ்குரோவிலிருந்து 'பணம் பத்திரமாக இருக்கிறது' என்று மின்னஞ்சல் வந்தால் அதில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே நிலை மாறியிருந்தால் மட்டுமே ஆத் கோட் அல்லது புஷ். மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பப்படும் வங்கி ரசீது, டி.டி. நகல் எதுவும் பணம் ஆகாது. மாற்றி முடித்ததும் பதிவு நிறுவனம் அனுப்பும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல், பெயர் உங்கள் கணக்கில் இல்லாததைக் காட்டும் திரைப்பிடிப்பு, ஆத் கோட் அனுப்பிய செய்தி மூன்றையும் எடுத்து வையுங்கள். உரிமையாளர் விவரம் பொதுத்தேடலில் மறைந்திருக்கும் காலம் இது. அங்கே பதிவு நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் தெரியும்; புஷ் என்றால் அதுவும் மாறாது. ஒப்படைத்ததற்குச் சான்று இந்த மூன்றும்தான். பரிசோதனைக் காலத்தை ஒப்பந்தத்தில் 3 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பெயரைச் சோதிக்க அதில் என்ன இருக்கிறது?

உங்களுடையது டாட் காம் என்பதால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். இதையே டாட் காம் டாட் எம்ஒய் பெயருக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அது மலேசியப் பெயர்களை நிர்வகிக்கும் மைநிக் நிறுவனத்தின் விதிகளின் கீழ் வருவது. வாங்குபவருக்கு எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு போன்ற ஆவணங்கள் வேண்டும், உரிமை மாற்றத்துக்குத் தனி நடைமுறை உண்டு. இரு தரப்பும் உள்நாட்டில் இருந்தால் வழக்கறிஞரின் கிளையண்ட் கணக்கில் பணத்தை வைத்து முடிப்பது நல்ல வழி. 1990ஆம் ஆண்டின் சொலிசிட்டர் கணக்கு விதிகள்படி அந்தப் பணம் அவருடைய அலுவலகப் பணத்தோடு கலக்கக் கூடாது. கடிதத்தில் எந்த நிகழ்வு நடந்தால் பணம் விடுவிக்கப்படும், அதற்குச் சான்று எது, எந்தத் தேதிக்குள் நடக்காவிட்டால் திரும்பப் போகும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். வழக்கறிஞரின் பெயரை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் பாருங்கள். போலிகள் அங்கேயும் உண்டு. கட்டணம் பேச்சைப் பொறுத்தது, சிறு தொகைக்குக் கட்டாது.

ஏதேனும் தவறிப் போனால் மணிக்கணக்கில் யோசிக்காதீர்கள். பெயர் போய்விட்டது, பணம் இல்லை என்றால் முதல் அழைப்பு உங்கள் பதிவு நிறுவனத்துக்கு. மோசடியான மாற்றங்களுக்காகப் பதிவு நிறுவனங்களுக்கு இடையே அவசரத் தொடர்பு வழி ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த நிறுவனங்களுக்குப் பெயர் தாவுவதற்குள் அதைத் தொடங்க வேண்டும். 'சரிபார்ப்புக் கட்டணம்', 'வரி முன்பணம்' என்று மலேசிய வங்கிக் கணக்குக்குப் பணம் கட்டிவிட்டிருந்தால் உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். கட்டுவதற்கு முன்பு என்றால், அந்தக் கணக்கு எண்ணைக் மோசடிக்குப் பயன்பட்டதாகப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும், காவல்துறையின் செமாக் மியூல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே வரவில்லை என்பதால் சுத்தமான கணக்கு என்று அர்த்தமில்லை. இன்னொரு பழைய தந்திரம்: 'வாங்கத் தயார், ஆனால் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுத்துக் கொடுங்கள்' என்பது. சான்றிதழுக்கு நீங்கள் காசு கட்டியதும் அவர் காணாமல் போவார். விற்பவர் பணம் கட்ட வேண்டிய இடம் இந்த வியாபாரத்தில் எங்கும் இல்லை. எஸ்குரோ கட்டணத்தில் உங்கள் பங்குகூட வரும் பணத்திலிருந்துதான் கழிக்கப்படும்.

வரி என் துறை அல்ல. பழைய கடைப் பெயரை ஒரு தடவை விற்பதையும், பெயர்களை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்வதையும் வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் ஒரே கண்ணால் பார்க்காது என்பது மட்டும் தெரியும். உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

இன்றைக்கு அவருக்கு இவ்வளவு எழுதினால் போதும்: விலை 4,500 டாலர், எஸ்குரோ டாட் காம் வழியாக, கட்டணம் பாதிப் பாதி, வங்கி வழிப் பணம், பெயர் இன்ன நிறுவனத்தில் புஷ் செய்யப்படும், 60 நாள் தடை விழலாம், பரிசோதனை 3 நாள், தளத்தின் உள்ளடக்கமும் மின்னஞ்சல்களும் விற்பனையில் சேராது. உண்மையாக வாங்குபவர் கட்டணத்தைப் பற்றிப் பேரம் பேசுவார். நடுவர் யார் என்பதைப் பற்றிப் பேரம் பேசுவதற்கு அவருக்குக் காரணம் கிடையாது. அவர் தன் தளத்தைத்தான் பிடிவாதமாகச் சொல்கிறார் என்றால் பதில் போட வேண்டாம். அனுப்புவதற்கு முன் பெயரின் காலாவதித் தேதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் முதலில் புதுப்பித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.